கினுயே அழித்த சுழல்

ஓஃபுனாதோ துறைமுகத்து மீன்வள நிலையத்தில் கினுயேவுக்கு இருந்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடலை வரைவது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, வெதுவெதுப்பான பெருஞ்சுழல்கள் எங்கே கிடக்கின்றன என்று வட்டம் போட்டுப் படகுகளுக்கு அனுப்ப வேண்டும். சுழலின் ஓரத்தில்தான் கணவாய் மீன் கூடும்.

அவளுக்கு நீந்தக்கூடத் தெரியாது. ஆனால் கனவெல்லாம் சுழல்கள்தான். பெரியது சின்னதை விழுங்கும். ஒன்று இரண்டாகப் பிரிந்து போகும். இன்னொன்று மாதக்கணக்கில் கரையோரம் சோம்பிக் கிடக்கும். நூறு கிலோமீட்டர் அகலமும் ஒரு சாண் உயரமுமாகக் கடல்மேல் ஒரு மேடு. அதன் உச்சியில் படகோட்டுபவனுக்கு அது தெரியாது, வானத்தில் ஓடும் பொறிக்குத் தெரியும். இந்த அதிசயம் அவளுக்குச் சலித்ததே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஈரத்தில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டே வருவாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும்.

அந்த ஜூலையில் கிழக்கே இருந்த சுழல் வெப்பப் படத்திலிருந்து மறைந்தது. வெயிலில் கடலின் மேல்தோல் முழுதும் ஒரே சூடாகிவிட்டால் அப்படித்தான் ஆகும். உயரம் அளக்கும் செயற்கைக்கோள் அந்தப் பக்கம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். கினுயே பொறுக்கவில்லை. செத்துப்போச்சு என்று ரப்பரால் தேய்த்துவிட்டாள்.

அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் தேய்த்து அழிப்பதில்லை. இரண்டு கோடு இழுத்து, மேலே தன் பெயர் முத்திரையைச் சிவப்பாகக் குத்த வேண்டும், மாற்றியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி. யானைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனால் சறுக்கிய தடத்தை எந்த யானையும் அழிப்பதில்லை.

அடுத்த வாரமே அவள் கணவன் கிசாபுரோவின் கணவாய்ப் படகு காணாமல் போனது. "எஞ்சின் நின்னுடுச்சு" என்று வானொலியில் ஒரு வார்த்தை வந்தது, இருந்த இடத்தைச் சொன்னான். பிறகு பேச்சுமூச்சில்லை. தேடும் கப்பல்கள் கினுயேவின் படத்தை வைத்தே கணக்குப் போட்டன. சுழல் இல்லை, ஆகவே குளிர்நீரோட்டம் தெற்கே தள்ளியிருக்கும். இரண்டு நாள் தெற்கே தேடினார்கள். கட்டையைக்கூடக் காணவில்லை.

மூன்றாம் நாள் காலை உயரம் அளக்கும் செயற்கைக்கோளின் படம் வந்தது. மேடு அங்கேயே இருந்தது. கினுயே படத்தை எடுத்துக்கொண்டு நிலையத் தலைவர் ஓய்காவாவிடம் ஓடினாள்.

"சார், தெற்கே தேட வேணாம். நேர் கிழக்கே போகச் சொல்லுங்க."

"உன் படத்துல அங்க ஒண்ணுமே இல்லையேம்மா."

"இருந்துச்சு சார். நான்தான் அழிச்சேன். கோடும் போடல, முத்திரையும் குத்தல."

ஓய்காவா கண்ணாடியைக் கழற்றினார். "இதை மேல சொன்னா உன் வேலைக்கே ஆபத்து, தெரியுமில்ல?"

"அவரே போயிட்டா வேலையை வச்சு என்ன சார் பண்ணப்போறேன்? ஃபோனைப் போடுங்க!"

அவர் ஃபோனில் எண்ணை அழுத்தும்போதே அவள் வட்டத்தைத் திரும்ப வரைந்தாள். மேற்கு ஓரத்தில் சிக்கிய படகு வடக்கே ஏறி, வளைந்து, இந்நேரம் கிழக்கு ஓரத்தில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே ஒரு புள்ளி வைத்தாள்.

மதியம் கண்டுபிடித்தார்கள். புள்ளிக்குப் பதினொரு கிலோமீட்டர் தள்ளி, உயிரோடு.

சாயங்காலம் படகுத்துறையில் கிசாபுரோ அவள் கொண்டுவந்த சோற்று உருண்டையை வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"எதுக்குப் பயம்? சுழல்தான் தூக்கிட்டுப் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீ மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன்னு நல்லாத் தூங்கினேன்."

"ரெண்டு நாள் நான் பாக்கவே இல்ல. நீங்க இருந்த இடத்தை நான்தான் படத்துலேர்ந்து அழிச்சிட்டேன்."

அவன் மென்றுகொண்டிருந்தது நின்றது. பிறகு மிச்சத்தை விழுங்கினான்.

"மூணாம் நாள் பாத்தியே" என்றான்.