நர்ஸக்காவும் ஹாட்ச்பாட்டும்

டைப்ரைட்டரில் அந்தச் சொல்லை முதன்முதலாக அடித்தபோது, வக்கீலய்யா ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். ஹாட்ச்பாட். சொத்து வழக்கில் இதென்ன, சாப்பாட்டுக் கடைப் பெயர் மாதிரி! தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அகராதியைப் புரட்டினால், கறியும் காயும் கிழங்கும் கைக்கு வந்ததையெல்லாம் ஒரே பானையில் கொட்டி வேகவைத்த குழம்பு என்று போட்டிருந்தது. ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும் எதற்கும் அந்தப் பெயர் உண்டாம். தமிழில் கதம்பம் என்று அடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்; கதம்பம் என்றதும் பூ வாசம்தான் வந்தது. கோர்ட்டில் அந்தச் சொல்லுக்கு வாசமெல்லாம் கிடையாது. ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை மனமறிந்து குடும்பச் சொத்தோடு சேர்த்துவிட்டால், ஹாட்ச்பாட்டில் போட்டுவிட்டார் என்பார்கள். போட்டது போட்டதுதான், பிறகு பிரித்து எடுக்க முடியாது.

அந்தச் சொல்லோடு எனக்கு நர்ஸக்காவின் முகமும் சேர்ந்தே வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கல்யாணமான கொஞ்ச வருடத்திலேயே கணவரை இழந்து, தொண்டாமுத்தூரில் தம்பிகள் இருவரோடு வந்து சேர்ந்தார். தம்பிகளின் நிலத்தை ஒட்டி, தன் சம்பளத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் பாய்ந்தது. காய்கள் ஒரே களத்தில் குவிந்தன. வீட்டிலும் ஒரே உலை. மலையிலிருந்து யானை இறங்கிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போனால்கூட, அது யார் மரம் என்று யாரும் கேட்டதில்லை. பிறகு தம்பிகளுக்குள் மனஸ்தாபம் வந்து, பெரிய தம்பி பாகம் கேட்டு வழக்குப் போட்டார். பிரிக்க வேண்டிய சொத்துகளில் அக்காவின் தோப்பையும் சேர்த்துவிட்டார். அக்காவே அதை ஹாட்ச்பாட்டில் போட்டுவிட்டார் என்பது அவர் வாதம். ரிட்டயர் ஆனதும் அந்தத் தோப்பில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டும் என்பது நர்ஸக்காவின் ஆசை.

நர்ஸக்கா எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்த வழக்குக் கட்டை வக்கீலய்யா படித்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “கவலையே படாதீங்கம்மா, கேஸு நம்ம கையில. ஹாட்ச்பாட்டுல போடறதுக்கு அந்தக் குடும்பத்துல பங்காளியா இருக்கோணும். நீங்க கட்டிக்குடுத்த பொண்ணு. நீங்களே போடறேன்னாலும் சட்டப்படி போட முடியாதுங்க.” இன்றைக்குச் சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. அன்றைக்கு அவர் சொன்னதுதான் சட்டம்.

நர்ஸக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. “ஏனுங்க, இத்தன வருசமா அந்த ஊட்ல ஒலை வெச்சவ நானுங்க. தம்பிகளுக்குப் பொண்ணு பாத்துக் கட்டி வெச்சதும் நாந்தான். காய வித்துக்குங்கன்னு சொன்னேன், தோப்பக் குடுக்கலீங்க. பட்டா எம்பேர்ல இருக்குது, வரி நாந்தான் கட்டறேன். நான் போடலைன்னு சொல்லுங்க. போட முடியாதவன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

“செயிக்கிற பாயிண்ட்டை விட்டுப்போட்டு வேற எதைங்கம்மா பேசறது?” என்று வக்கீலய்யா தலையைச் சொறிந்தார். நர்ஸக்கா அசையவில்லை. கடைசியில், அவர் பேச்சை முதலில் வைப்பது, சட்டத்தை அதற்குப் பின்னால் துணைக்கு வைப்பது என்று முடிவானது. எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. ஆனால், தோப்பு போய்விட்டால் என்ன செய்வார்?

நர்ஸக்கா சாட்சிக் கூண்டில் ஏறி நிதானமாகத்தான் பேசினார். எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டும் குரல் உயரவில்லை. “காய் அவங்களுக்கு, மரம் எனக்குங்க. அது எந்தம்பிக்கும் தெரியுமுங்க” என்றார். பெரிய தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நகல் கைக்கு வந்த அன்று வக்கீலய்யா எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார். நான்தான் நர்ஸக்காவை உட்காரவைத்து, தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கட்டிக்கொடுத்த பெண் பங்காளி அல்ல என்பதால் ஹாட்ச்பாட் விதி இவருக்குப் பொருந்தாது, ஆகவே இவர் சாட்சியத்தை ஆராய வேண்டிய அவசியம் எழவில்லை, தோப்பு இவருடையதே.

“செயிச்சுட்டீங்கக்கா!” என்றேன்.

“சந்தோசந்தான் கண்ணு” என்றார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. “நான் அத்தன நேரம் நின்னு சொன்னனே, அது இதுல எங்க இருக்குது? அந்த எடத்த மட்டும் படி.”

நான் பக்கங்களைப் புரட்டினேன். முதலிலிருந்து இன்னொரு தடவையும் புரட்டினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.