திரும்பி ஓடிய முதல் டச்டவுன்

"டொக்" என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் மோதுகிற, அதற்குள்ளே ஓர் உடம்பும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்கிற சத்தம். போன சனிக்கிழமை ஓர்லிகோனில் டிராமை விட்டிறங்கி, மழையில் நனைந்த புல்லின் மணத்துக்குள்ளால் நடந்துகொண்டிருந்தபோது மைதானப் பக்கமிருந்து அது வந்தது. முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையோடு நடுவழியில் நின்றுவிட்டேன். தோள் கவசங்கள் மோதும் அந்தச் சத்தத்துக்குள்தான் என் ஒன்பது வயது இருக்கிறது, சிவம் மாமா இருக்கிறார், இந்த நாட்டில் அம்மா வாய்விட்டுக் கத்திய ஒரே ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது.

இன்றைக்கு அந்த அமெரிக்கக் கால்பந்து அணி சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறது. அன்றைக்கு அதற்கு இருந்ததெல்லாம் இரவலாகக் கிடைத்த ஒரு புல்வெளி, கட்டடச் சாரக் குழாய்களைக் கட்டி நிறுத்திய கோல்கம்பம், ஆளுக்கொன்று வராத தலைக்கவசங்கள். வெளியே வருகிறவர் கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவர் அந்த வியர்வைச் சூட்டோடேயே மாட்டிக்கொள்வார். தொடங்கியவர் உர்ஸ், தண்ணீர்க்குழாய் பொருத்துகிறவர். கொஞ்சக் காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, அந்த விளையாட்டை ஒரு காய்ச்சலைப்போல எங்கள் பகுதிக்குக் கொண்டுவந்தவர்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் சோபாவில் படுத்தெழும்பி, அகதி வழக்கின் முடிவைப் பார்த்துக்கொண்டு, ஓர் உணவகத்தில் "கோப்பை கழுவி"னார். ஒருநாள் அங்கே சாப்பிட வந்த உர்ஸ், மாமா இரண்டு கையிலும் தட்டுப் பெட்டிகளோடு, நெரிசலான சமையலறையில் ஒருவரிலும் முட்டாமல் வளைந்து நெளிந்து பறப்பதைக் கண்டாராம். சாப்பாடு ஆறிப்போக எழும்பிவந்து, இப்படியே பந்தோடு ஓடுவாயா என்று கேட்டாராம். மாமா அந்தப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உரிக்காத தேங்காய் மாதிரிக் கிடக்கு. இதுக்குப் போய் ஏன் கால்பந்தெண்டு பேர்?"

ஓட்டமென்றால் அப்படி ஓட்டம்! நாலு பேர் பாய்ந்தால் நாலு பேரும் புல்லைத்தான் பிடிப்பார்கள். ஆனால் எவனுடைய விரல் நுனியாவது முதுகில் பட்டால் போதும், மாமா நின்றுவிடுவார். பந்தை அணைத்தபடி, தலையைக் குனிந்துகொண்டு, தவறு செய்த பிள்ளையைப்போல. பிறகென்ன, மலைபோல ஆட்கள் மேலே விழுவார்கள். ஆளை மடக்கி விழுத்தினால்தான் ஆட்டம் நிற்கும், தொட்டால் ஒன்றுமில்லை என்று உர்ஸ் கையாலும் காலாலும் விளங்கப்படுத்துவார். "விளங்குது," என்பார் மாமா, "கால்தான் கேக்குதில்லை." பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்குப் புள்ளி. அந்தப் பருவம் முழுக்க அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அப்படியிருக்கத்தான் மாமாவின் வழக்குக்கு "நெகட்டிவ்" வந்தது, இனி இங்கே இருக்க விடமாட்டார்கள். கனடாவுக்குப் போக ஒழுங்கு நடந்தது. போவதற்கு முன்னிருந்தது ஒரேயொரு ஆட்டம். சோற்றைப் பிசைந்தபடி மாமா சொன்னார்: "அக்கா, ஒருக்காலெண்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டிப்போட்டுத்தான் போவன்." அதைச் சொல்லும்போது மாமா சிரிக்கவில்லை. இந்த நாட்டில் அவர் கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. கடைசியாக அவர் கேட்டது ஒரு சுண்ணாம்புக் கோடு.

அம்மாவுக்கு ஞாயிறுகளில் அலுவலகங்கள் துடைக்கிற வேலை. அதுவரை ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. அன்றைக்கு மாறிநிற்க ஆள் பிடித்துவிட்டு, சேலைக்கு மேல் குளிர்க்கோட்டும் சப்பாத்துமாக வந்து கோட்டோரம் நின்றா. படியில் நடக்கும்போதே சத்தம் கேட்கக்கூடாதென்று எங்களை நுனிக்காலில் நடக்கவைத்தவ அவ. ஆட்டம் முடியப்போகிற நேரம், மாமாவின் கைக்குப் பந்து வந்தது. ஒருவனைச் சுழித்து, மற்றவனை ஏய்த்து, கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டார். அப்போது பின்னாலே வந்தவனின் விரல் தோளில் பட்டது. மாமா நின்றார்.

உர்ஸ் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். "ஏன் நிற்கிறான் இவன்?" என்று அவர் ஜெர்மனில் அலற, நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இவன் கிளித்தட்டெல்லோ விளையாடுறான்!"

கிளித்தட்டு ஊரில் அவர்கள் இருவரும் சேர்ந்து விளையாடியது. மண்ணில் கோடு கீறி, கிளி என்கிற தலைவனோடு கோட்டுக்குக் கோடு மறிக்கிறவர்களை ஏய்த்துக் கடைசிக் கட்டம் வரை போகவேண்டும். கை பட்டால் அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது, அங்கேயே நின்றுவிடவேண்டும். மாமாவின் கால்கள் இன்னும் அந்த மண்ணில்தான் நின்றிருக்கின்றன.

அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடினா. "எடேய் சிவம்! இஞ்சை கிளியும் இல்லை, தட்டும் இல்லை! கை பட்டால் என்னடா? ஓடடா!"

அந்தக் குரலுக்குக் கால்கள் கேட்டன. தொட்டவன் இடுப்பைப் பிடிக்கக் குனிவதற்குள் மாமா பறந்தார், கோட்டைத் தாண்டினார். எங்கள் அணியின் முதல் டச்டவுன் அதுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கிளித்தட்டில் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் மட்டும் காணாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் "பழம்", அதுதான் வெற்றி. மாமா பந்தோடு அப்படியே திரும்பி, வாய் பிளந்து நின்ற எதிரணிக்காரர்களை மறுபடியும் ஒவ்வொருவராக ஏய்த்து, நடுவர் விசிலை ஊதியூதிக் களைக்க, மைதானத்தின் மறுமுனை வரைக்கும் ஓடினார். "பழம்! பழம்!" என்று அம்மா கத்த, ஒன்றும் விளங்காமலேயே உர்ஸும் "பழம்! பழம்!" என்று கத்தினார். அன்றைக்கும் எங்கள் அணி தோற்றுத்தான் போனது.

சனிக்கிழமை நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பார்த்தேன். குழாய்க் கம்பங்கள் இல்லை, உர்ஸ் இல்லை, பார்வையாளர் வாங்குகளில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எங்கள் அணியின் பெடியன் ஒருவன் டச்டவுன் அடித்ததும் பந்தோடு திரும்பி மறுமுனை வரை ஓடினான்; சனம் எழும்பிக் கைதட்டியது. பக்கத்திலிருந்தவரிடம் ஏன் அப்படி ஓடுகிறான் என்று கேட்டேன். "பருவத்தின் முதல் டச்டவுனுக்கு அப்படித்தான், பழைய வழக்கம்," என்றார். "அமெரிக்காவிலிருந்து வந்ததாக்கும்."

மாமா டொரொண்டோவில் லொறி ஓட்டி ஓய்ந்துவிட்டார். ஒவ்வொரு கோடையிலும் வாறன் என்கிறார். இந்தக் கோடைக்கு முழங்கால் விடவில்லையாம். அம்மா அந்தச் சோபாவை இன்னும் மாற்றவில்லை.

அந்த நாளில் அவர் கனடாவுக்கு வெளிக்கிட்ட காலையில் நிலையத்தில் பனி மூட்டம். ரயில் கதவில் ஒரு காலை வைத்துக்கொண்டு மாமா, "சரி அக்கா, போட்டு வாறன். போய்ச் சேர்ந்த உடனை போன் எடுக்கிறன்," என்றார்.

அம்மா அவருடைய கோட்டுப் பித்தானைப் பூட்டிவிட்டா.

"போய்ச் சேர்ந்தால் காணாது. திரும்பி வந்தால்தானடா பழம்."