பொன்னுவேல் பெரியப்பா போட்ட வில்

பொன்னுவேல் பெரியப்பா என் அம்மாவின் அக்கா சிவபாக்கியத்தின் வீட்டுக்காரர். கொடைக்கானலில் பூட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு, துப்பாக்கி என்று எல்லாம் பழுது பார்ப்பார். கூக்காலில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வேலுத்தாய் என்றால் அவருக்கு உயிர்.

ஐம்பத்தெட்டாம் வருசம், வேலுத்தாயின் புருசன் அழகுமலை தன் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். குழலை மடித்தால் வெடித்த தோட்டா தானாக வெளியே தெறிக்க வேண்டும், தெறிக்கவில்லை. தோட்டாவைத் தள்ளிவிடும் வில்லை, அதாவது ஸ்பிரிங்கை, பெரியப்பா புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த மாதமே பூண்டுக் காட்டில் இறங்கிய பன்றியை அழகுமலை சுட்டார். அடிபட்ட பன்றி திரும்பி அவர் மேலேயே வந்தது. மறு தோட்டா போடக் குழலை மடித்தார். பழையது வெளியே வரவில்லை. பன்றி தொடையைக் கிழித்துவிட்டது. டோலி கட்டித் தூக்கி வந்த வழியிலேயே உயிர் போய்விட்டது.

காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கி திரும்பியதும், அழகுமலையின் தம்பி செல்லப்பாண்டி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலுத்தாயும் கூட வந்தாள். வில்தான் கோளாறா என்று தெரிய வேண்டுமாம். இருவரையும் வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, பெரியப்பா உள்ளே போய், குழலில் கம்பியை விட்டுத் தட்டிச் சிக்கியிருந்த தோட்டாவை எடுத்தார். காகிதத் தோட்டா, ஈரத்தில் ஊறிப் பருத்துப்போய் இருந்தது. வேறொரு காலித் தோட்டாவைப் போட்டு மடித்தார். அது உள்ளங்கையில் வந்து தெறித்தது. பக்கத்தில் இருந்து பார்த்தது பெரியம்மா மட்டும்தான்.

வேலுத்தாயை உள்ளே கூப்பிட்டார்.

"தோட்டாவ எங்கத்தா வச்சிருந்தே?"

"எப்பவும் அடுப்புக்கு மேல பரண்லதாண்ணே. இந்தத் தடவ பரண் பூராம் பூண்டு கெடந்துச்சு. பின்சுவத்து மாடத்துல வச்சேன். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்."

அந்த வீட்டுப் பின்சுவர் மழைக்காலத்தில் ஈரம் ஊறிக் கிடக்கும். செல்லப்பாண்டியும் உள்ளே வந்து நின்றார். பெரியப்பா துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"வில்லுதான் மாப்ள. நான் போட்டது சரியில்ல."

வேலுத்தாய் அழவில்லை. "ஊருக்கெல்லாம் பாத்துச் செஞ்சியே. எனக்குப் பாத்துச் செய்யலையேண்ணே" என்றாள். அதோடு படியிறங்கியவள்தான். மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் போனபோது, தட்டுகளைத் தெருவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு பெரியப்பாவிடம் யாரும் துப்பாக்கி கொடுக்கவில்லை.

பெரியம்மா பொறுக்கமாட்டாமல், கூக்காலுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். பெரியப்பா குறுக்கே நின்றார்.

"தன் கையால புருசன் செத்தான்னு தெரிஞ்சா, அந்தக் கையால புள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவா?"

அறுபத்தேழில் பெரியப்பா தவறிப்போனார். கூடப்பிறந்தவள் வரட்டும் என்று சாயங்காலம் வரை எடுக்காமல் வைத்திருந்தோம். செல்லப்பாண்டி மட்டும் வந்தார். அண்ணி காட்டில் களை வெட்டிக்கொண்டிருக்கிறது என்றார்.

பெரியம்மா கிடத்தியிருந்த பெரியப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு தூக்கச் சொல்லிவிட்டாள்.