பரணில் வெந்த வயர்

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டியதெல்லாம் அடுப்புக்கு மேலே பரணுக்குப் போய்விடும். ஏற்காட்டு மூடுபனியில் சும்மா கிடக்கும் செருப்பே பூஞ்சை பூத்துவிடும் என்பதால், என் வீட்டுக்காரர் இந்தக் காரியத்தைப் பக்தியோடு செய்வார். என் மெக்கரையும் அங்கேதான் வைத்திருந்தார். மோட்டாருக்குள் கரண்ட் கசிகிறதா என்று காட்டும் கருவி அது. மோட்டார் மெக்கானிக்கான எனக்கு அதுதான் சோறு.

போன பழ சீசனில் நாகலூரிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினில், மோட்டார்மேல் கூரை ஒழுகிவிட்டதாம். பறித்த பழம் மூட்டை மூட்டையாகக் களத்தில் கிடந்தது. அன்றைக்கே உரிக்காவிட்டால் புளித்துப்போகும். அவருடைய ஒரு வருஷப் பாடு அது.

மெக்கரின் இரண்டு வயர்களையும் மோட்டாரில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினேன். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. பூஜ்யம் என்றால் கரண்ட் கசிகிறது, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயில் போய்விட்டது என்று அர்த்தம்.

"போச்சுங்களா கண்ணு?" என்றார் அக்கா.

சேலத்தில் காயில் கட்டி வர இரண்டு மூன்று நாளாகும். கூட வந்திருந்த வீட்டுக்காரர் அதற்குள், குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கிவிடலாம் என்று ஜீப்பையே திருப்பிவிட்டார். அவசரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. எனக்கு ஆத்திரம். வயர்களை மோட்டாரிலிருந்து கழற்றி, முனைகளைக் காய்ந்த பலகைமேல் தள்ளித் தள்ளிப் போட்டு, வீம்புக்கு இன்னொரு தடவை சுற்றினேன். எதையும் தொடாமல் கிடந்தால் முள் மேலேறியிருக்க வேண்டும்; அப்போதும் பூஜ்யத்திலேயே நின்றது. அப்படியானால் சீக்கு யாருக்கு?

மெக்கரிலிருந்து வயர்களை உருவினேன். டிஜிட்டல் மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும்படி வைத்து, அதன் ஒரு முனையை இந்த வயரிலும் மறு முனையை அந்த வயரிலும் தொட்டேன். இரண்டும் தனித்தனி வயர் என்பதால் சத்தமே வரக்கூடாது. வந்தது. பரணில் வைப்பதற்காக இரண்டையும் சேர்த்து நடுவில் முறுக்கிக் கட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தால், மேலுறை உருகி இரண்டு வயரும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தன. மோந்து பார்த்தேன். எங்கள் அடுப்புப் புகையேதான்.

"ஏனுங்க, மெக்கரைச் சமைச்சா வெச்சிருந்தீங்க?"

"நொம்ப ஈரமா இருக்குதேன்னுதான் வெச்சேன்."

கத்துவதற்கு வாயெடுத்தேன். அவரோ அதற்குள் ஜீப்பில் கிடந்த புது வயரை எனக்காக வெட்டிக்கொண்டிருந்தார். அதை மாட்டிச் சுற்றியதும் முள் ஜம்மென்று மேலேறியது. மோட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஸ்விட்சைப் போட்டேன். கடகடவென்று தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழுந்தன. அக்கா வழவழவென்றிருந்த முதல் கொட்டைகளை அள்ளி என் கையில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டார் ஓடுவதைப் பார்த்து அழுகிற மெக்கானிக் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அழுவறதை அப்பறம் பாத்துக்கலாம் சாமி, அந்த மூட்டையை இப்பிடித் தள்ளு," என்றார் அக்கா.

மூட்டையின் இன்னொரு முனையை என் வீட்டுக்காரர் பிடித்தார்.