ஐந்து எழுத்துக் கேள்வி

டெய்லரம்மாவுக்கு முதலில் பாதம்தான் மரத்தது. நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிப்பவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் முழங்கால் மடங்கி விழுந்தாள். நாலாம் நாள், நரம்பு நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு கிடந்தாள். அவளுக்காக ஒரு மெஷின்தான் மூச்சு விட்டது. இமையைத் தூக்கவும் தெம்பில்லை.

"மூளை தெளிவா இருக்கு. நாம பேசறதெல்லாம் அவங்களுக்குக் கேக்கும்" என்று டாக்டர் அவள் கணவரிடம் சொன்னார். அவர் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கும் குரல் அவருக்கு. அந்த அறைக்குள் வந்தால் அது எங்கே போகுமோ தெரியாது.

டாக்டர் சொன்னது நிஜம். காற்று தள்ளும் சத்தம், பக்கத்துக் கட்டிலின் திரை இழுபடுவது, நர்ஸ்கள் வீட்டுக்குப் போவது, வேறு நர்ஸ்கள் வருவது எல்லாம் அவளுக்குக் கேட்டது. மூக்கு அரித்தால் தானாக அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள் நாத்தனாரும் வந்தாள். கட்டிலருகே நின்று, தன் தம்பியிடம் சொன்னாள்:

"இவ இனிமே எழுந்திரிக்கப் போறதில்ல தம்பி. மனசத் தேத்திக்க. உனக்குன்னு ஒருத்தி வேணாமா?"

டெய்லரம்மா காத்திருந்தாள். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்வை நேரம் முடிந்தது என்று யாரோ சொல்ல, இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் வெளியே போனது. அவளால் அழவும் முடியவில்லை. மூன்று நாள் அந்த மௌனத்தோடேயே கிடந்தாள்.

ஒன்பதாம் நாள் மூத்த நர்ஸ் அவள் இமைகளை விரலால் தூக்கிப் பிடித்தாள். "அம்மா, ஆமான்னா மேல பாருங்க." விழி மெல்ல மேலே போனது. கணவரைக் கூப்பிட்டு, எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். சரியான எழுத்து வந்ததும் டெய்லரம்மா மேலே பார்ப்பாள்.

முதலில் வந்தது 'காது'.

"காது கேக்கலியா?" என்று பதறினார். விழி அசையவில்லை. நர்ஸ் அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். தலையணைக்கடியில் காது மடங்கி, சிவந்து கன்றிப் போயிருந்தது. நிமிர்த்திவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

கணவர் உற்சாகமாகிவிட்டார். "வேற என்ன வேணும்? சொல்லு."

ஏ. ன். ஒவ்வோர் எழுத்துக்கும் மொத்த வரிசையையும் ஒப்பித்தார். பே. ச. ல. நர்ஸ் சீட்டில் குறித்துக்கொண்டாள். தூக்கிப் பிடித்த கை வலித்தபோது, இமைகள் மூடாதபடி பிளாஸ்திரி ஒட்டினாள்.

"ஏன் பேசல" என்று அவரே வாய்விட்டுப் படித்தார். படித்த பிறகுதான் புரிந்தது. நர்ஸ் நாசூக்காகப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள்.

"அக்கா சொன்னது பலிச்சிருமோன்னு பயமா இருந்துச்சு. வாயத் திறந்தா அழுதுருவேன்னு..." என்றார். "தப்புதான்."

அவளுக்குக் கோபம் குறையவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் ஆசை. பிளாஸ்திரி ஒட்டிய கண்ணால், அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

குழாயை எடுக்க ஏழு வாரம் ஆயிற்று. வீட்டுக்கு வர நாலு மாதம். இப்போது வாக்கரைப் பிடித்துக் கடைக்குப் போகிறாள். அளவெடுப்பதும் வெட்டுவதும் அவள், தைப்பது வேறொரு பெண். விரல் நுனிக்கு ஊசி பிடிபடுவதில்லை. காலையில் விழிப்பு வந்ததும் சற்று நேரம் அப்படியே படுத்திருப்பாள். ஒரு விரலை அசைத்துப் பார்ப்பாள். அது அசைந்த பிறகுதான் கண்ணைத் திறப்பாள்.