பாஸ்டர் பென்னியின் எண்ணூறு மீட்டர்

பொழிச்சலூரில் பாஸ்டர் பென்னி சபையார் வீடுகளைச் சந்திக்க வந்தால் டிவியை அணைக்க நேரம் கிடைக்காது. தெருமுனையில் தலை தெரியும், ரிமோட்டைத் தேடுவதற்குள் வாசலில் நின்று "ஸ்தோத்திரம்!" என்பார். மூச்சு வாங்காது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கீழே ஆரஞ்சு நிறத்தில் ஓட்டக்காரர் ஷூ. "பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல ரெண்டு வீடு முடிச்சிடலாம் பிரதர்" என்பார். பைபிளோடு ஒரு ஸ்டாப்வாட்சும் கையிலேயே இருக்கும்.

ஒரு காலத்தில் எண்ணூறு மீட்டர் ஓடியவர். இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று ஆராதனைக்குப் போய்விட்டார். பிறகு மிஷனரியாகி ஜார்க்கண்ட் மலைகளில் பல வருடம் அலைந்துவிட்டு, இப்போது இங்கே மருந்துக்கடை மாடியில் சபை நடத்துகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து சொல்லும் சாட்சி, முழுச் சொத்தும் அதுதான். நான் முதலில் கேட்டபோது அது மாவட்டப் போட்டியாக இருந்தது. பிறகு மாநிலப் போட்டியானது. போன வருடம் மறைமலை நகர் கூட்டத்தில், "அன்னைக்கு ஓடியிருந்தா இந்தியாவுக்கே ஓடியிருப்பேன்!" என்றார். அல்லேலூயா சத்தத்தில் பந்தல் ஆடியது. இந்த வேகத்தில் போனால் ஒலிம்பிக்ஸ் அதிக தூரமில்லை.

சோதனை மகள் ரூபத்தில் வந்தது. ஜெரூஷா பிளஸ் ஒன் படிக்கிறாள், அப்பாவின் கால்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் தாம்பரத்தில், ஞாயிறு காலை என்று அறிவித்துவிட்டார்கள். அவர்கள் மாடி வீடு, நான் கீழ் வீடு. காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்?

"சபைக்குத் தெரிஞ்சா என் சாட்சி என்ன ஆகும் ஆஷா?"

"உங்க சாட்சிக்கு இவ ஏன் உட்காரணும்? நீங்க விட்டது போதும், அவ ஓடட்டும்" என்றார் மனைவி.

அந்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "பாப்பாவுக்கு இன்னைக்கு ஒரு எக்ஸாம். அம்மாவும் கூடப் போயிருக்காங்க. ஜெபிச்சுக்கோங்க."

மலை மலையாக ஏறி சத்தியத்தைச் சொன்னவர், மருந்துக்கடை மாடியில் பொய் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

புஷ்பம் அக்கா ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் ஜெபம் எண்ணூறு மீட்டரை விட நீளம். "படிச்சதெல்லாம் ஞாபகம் வரணும் ராஜா! பேனா நிக்காம ஓடணும் அப்பா!"

"காலும் அப்பா..." என்றது பாஸ்டரின் மைக்.

"இன்னா பாஸ்டர்?"

"இல்ல... அவளுக்குக் கால் வலி. ரொம்ப நேரம் உட்காரணும்ல."

"காலையும் தொடும் ஆண்டவரே!" என்று சபையே கதறியது.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். பாஸ்டர் இரண்டையும் திறந்து வைத்திருந்தார். பைபிள் மேல் செல்போன். அதில் ஆஷா தாம்பரத்திலிருந்து வீடியோ காலில் சத்தமில்லாமல் காட்டிக்கொண்டிருந்த ஓட்டம். பாஸ்டரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சில். ஆரஞ்சு ஷூவின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன. கடைசி வளைவில் அவர் உதடுகள் ஜெபத்தை நிறுத்திவிட்டன. மகள் கோட்டைத் தொட்ட நொடியில் இவரும் நெஞ்சை முன்னே தள்ளினார். மைக் 'டம்' என்று கீழே விழுந்தது.

சபை கண் திறந்தது. "எக்ஸாம் முடிஞ்சிச்சா பாஸ்டர்?" என்று கேட்டார் புஷ்பம் அக்கா.

பாஸ்டருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு செல்போனைச் சபையின் பக்கம் திருப்பி, வழக்கமாகப் பைபிளைத் தூக்கும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.