பந்தலின் ஜெனரேட்டர்

கல்கத்தாவில் என் கணவருக்குச் சிறுநீரகக் கல் அறுவை நடந்தது. முதுகில் சிறு துளையிட்டு, அல்ட்ராசானிக் கருவியின் அதிர்வால் கல்லைப் பொடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பாதியில் மின்சாரம் போனது. மருத்துவமனை ஜெனரேட்டர் விளக்குகளுக்கே போதவில்லை.

"கரண்ட் வரலைன்னா பெரிசாக் கிழிச்சுத்தான் எடுக்கணும்," என்றார் டாக்டர்.

காலையிலிருந்து காத்திருந்த களைப்பு. வாசலில் துர்கா பூஜைப் பந்தலின் ஒலிபெருக்கி தனி ஜெனரேட்டரில் அலறியது. நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட, பந்தல் போட்ட தெரு கிளப்பின் செயலாளர் பந்தல் விளக்குகளை அணைத்தார்.

"முதல்லயே சொல்லக்கூடாதா, பௌதி? துர்க்கைக்குப் பத்துக் கை, இருட்டுலயும் சமாளிச்சுப்பா." பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி.

அவர்களுடைய ஜெனரேட்டரிலிருந்து மாடியில் இருந்த அறுவை அறைக்குக் கம்பி இழுத்தார்கள். கருவி மறுபடி ஓடியது. பெரிய வெட்டு தேவைப்படவில்லை. கீழே, சாமி பார்க்க வந்த கூட்டம் இருட்டில் நின்றது. சிலர் முணுமுணுத்தார்கள். யாரும் விளக்கைத் திருப்பிக் கேட்கவில்லை.

இந்த ஊரின் இரைச்சல் எனக்கு இன்றும் பழகவில்லை. ஆனால் சண்டைக்குப் போவதில்லை.